கரிக் கணக்கு

கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குப் போட்டி எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. சினிமாவிலிருந்து வந்தது; டெலிவிஷனிலிருந்து வந்தது; சட்டைப் பையில் அடங்கும் டெலிபோனிலிருந்தும் வந்தது. அதையெல்லாம் ஒருவாறு சமாளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, சற்றும் எதிர்பாராத இடத்திலிருந்து இப்போது ஒரு புதுப் போட்டி. மத்திய பாங்கிகள் கதை எழுத ஆரம்பித்துவிட்டன!

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் மத்திய பாங்கிகளும் மேற்பார்வை ஸ்தாபனங்களுமாக எட்டுப் பேர் பாரிஸில் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். பூமி சூடாகிக்கொண்டே போவதாலும், அதைத் தடுக்க மனிதர்கள் செய்யப்போகும் காரியங்களாலும், தேசங்களின் செல்வ நிலை எப்படி மாறும் என்று ஆராய்வது அந்தச் சங்கத்தின் வேலை. நம் ரிசர்வ் பாங்கி 2021-ல் அதில் அங்கத்தினராகச் சேர்ந்தது. 2020 முதல் அந்தச் சங்கம் சில 'சினாரியோ'க்களை வெளியிட்டு வருகிறது. பழைய இத்தாலிய நாடகக்காரர்கள் மேடைக்குப் பின்னால் எழுதி மாட்டிவைத்த கதைச் சுருக்கத்துக்குப் பெயர் சினாரியோ. அவர்களிடமிருந்து சினிமாக்காரர்கள் வாங்கினார்கள். சினிமாக்காரர்களிடமிருந்து பாங்கிக்காரர்கள் வாங்கிவிட்டார்கள்.

எங்கள் தெருவில் பாங்கி உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர்தான், "ஸார், இது உங்கள் சரக்கு மாதிரி இருக்கிறது, படித்துப் பாருங்கள்" என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். படித்தேன். வகைகள் பல இருந்தாலும் அடிப்படையில் கதை மூன்றுதான்.

முதல் கதையில் சர்க்கார்கள் எல்லாம் இன்றைக்கே விழித்துக்கொள்கின்றன. கரிக்கும் எண்ணெய்க்கும் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வரி ஏறுகிறது. கரி மெல்ல விடைபெறுகிறது. காற்றும் வெயிலும் அந்த இடத்துக்கு வந்து உட்காருகின்றன. ஆரம்பத்தில் சிறிது கஷ்டம், பிறகு சௌக்கியம். இரண்டாவது கதை, வருஷம் முழுவதும் ஊர் சுற்றிவிட்டுப் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி கண் விழிக்கும் பையனின் கதை. 2030 வரையில் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, அப்புறம் அலறி அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுகிறார்கள். விலைகள் ஏறுகின்றன, கடன் கொடுத்த பாங்கிகள் தடுமாறுகின்றன. மூன்றாவது கதையில் யாரும் எதையும் மாற்றுவதில்லை. உலகம் கொதிக்கிறது.

மூன்றையும் கூட்டிக் கழித்து அவர்கள் சொல்லும் நீதி இதுதான்: முதல் கதையில் செலவு குறைவு, இரண்டாவதில் அதிகம், மூன்றாவதில் காலப்போக்கில் எல்லாவற்றையும்விட அதிகம். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. நம் பாட்டிமார் "அன்றன்றைக்கு அடைத்தால் கடன் தெரியாது" என்று சொன்னதை அவர்கள் கணித பாஷையில் சொல்கிறார்கள்.

ஆனால் கதை எழுதுகிறவன் என்ற முறையில் ஒரு குறை எனக்குப் பட்டது. இந்தக் கதைகளில் சம்பவம் இருக்கிறது, திருப்பம் இருக்கிறது, முடிவும் இருக்கிறது. மனிதர்கள்தாம் இல்லை. கதாநாயகர் பெயர் 'மொத்த உள்நாட்டு உற்பத்தி'. அவருக்கு முகம் கிடையாது, ஊர் கிடையாது, பசி கிடையாது. அவர் இரண்டு சதவீதம் இளைத்தார், ஒரு சதவீதம் பெருத்தார் என்றுதான் கதை போகிறது. அந்த இரண்டு சதவீதம் யாருடைய உடம்பிலிருந்து கழிந்தது என்று கேட்டால் பதில் இல்லை. ஆகவே, அவர்கள் விட்ட இடத்தைப் பூர்த்தி செய்வது என் தொழிலைச் சேர்ந்தது என்று தோன்றியது.

நம் தேசத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் நம் பிரதமர் ஒரு வாக்குக் கொடுத்தார். 2070-க்குள் இந்தியா காற்றில் சேர்க்கும் கரியமில வாயுவும், திரும்ப எடுத்துக்கொள்வதும் சரிக்குச் சரியாகிவிடும் என்பது அந்த வாக்கு. இது ஒரு பக்கம். மறுபக்கம், 2024-25 நிதியாண்டில் நம் சுரங்கங்களிலிருந்து எடுத்த கரி முதல் தடவையாக 100 கோடி டன்னைத் தாண்டியது.

2025 மத்தியில் இன்னொரு செய்தியும் வந்தது. நாட்டில் நிறுவியிருக்கும் மின்சாரத் திறனில் பாதி, கரியும் எண்ணெயும் எரிவாயுவும் சாராத வகைகளைச் சேர்ந்ததாகிவிட்டது. 2030-க்கு வைத்த இலக்கை ஐந்து வருஷம் முன்னதாகவே எட்டிவிட்டோம். சந்தோஷமான செய்திதான். ஆனால் கல்யாண வீட்டில் சமையல்காரர்கள் பத்துப் பேரில் ஐந்து பேர் புதியவர்களாக இருந்தாலும், பகல் வேளையில் மட்டும் வருகிறவர் ஒருவர், காற்றடித்தால் மட்டும் வருகிறவர் ஒருவர் என்று இருந்தால், பந்திக்கு வேண்டிய சோற்றை யார் வடிப்பது? ராத்திரி பகல் என்று பாராமல் அடுப்படியில் நிற்கும் அந்தக் கறுத்த கிழவர்தான். நாம் செலவழிக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்னும் கரியிலிருந்தே வருகிறது.

அந்தக் கிழவர் சோறு மட்டும் வடிக்கவில்லை. வீட்டில் நமக்குத் தெரியாத இன்னும் பல செலவுகளையும் அவர்தான் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

சில வருஷங்களுக்கு முன் ரயில் டிக்கெட்டின் அடியில் ஒரு குறிப்பை அச்சடிக்க ஆரம்பித்தார்கள். பிரயாணத்துக்கு ஆகும் செலவில் சராசரி 57 சதவீதத்தைத்தான் ரயில்வே உங்களிடம் வாங்குகிறது என்று அதில் இருக்கும். படித்துவிட்டு, சர்க்கார் நமக்கு உபகாரம் செய்கிறது என்று நினைத்துக்கொண்டு டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்வோம். மீதி 43 சதவீதத்தை யார் கொடுக்கிறார்கள்? பெரும்பாலும் சரக்கு வண்டி கொடுக்கிறது. சரக்கு வண்டியில் போவது என்ன? நாட்டில் ரயில் ஏறும் சரக்கில், எடைக் கணக்குப்படி ஏறத்தாழப் பாதி நிலக்கரி. இரண்டாம் வகுப்பில் மூட்டையும் குழந்தையுமாக ஊருக்குப் போகிறாளே ஒரு தாயார், அவள் டிக்கெட்டில் ஒரு பங்கை ஒரிஸாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கிளம்பிய கரி வண்டி கட்டியிருக்கிறது. ஏதோ ஒரு சிறு ஸ்டேஷனில் நம் வண்டியை நிறுத்திவைத்துவிட்டு, ஐம்பது அறுபது பெட்டிகளுடன் கடகடவென்று ஒரு கூட்ஸ் வண்டியை விடும்போது நாம் முணுமுணுக்கிறோம். உண்மையில் அங்கே போய்க்கொண்டிருப்பது நமக்குப் படி அளக்கிறவர்.

கரி குறைந்தால் அந்தப் படி குறையும். அப்போது ரயில் கட்டணத்தை ஏற்றலாம். அல்லது வரிப் பணத்திலிருந்து கொடுக்கலாம். எது என்றாலும் ஒருவர் கொடுத்தாக வேண்டும்.

பெட்ரோல் கதையும் இப்படியே. நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. மோட்டார் வண்டிகள் மின்சாரத்துக்கு மாறினால் அந்த அந்நியச் செலாவணி மிச்சம்; நகரத்துப் புகையும் குறையும். யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் பெட்ரோல் பங்கில் நாம் கொடுக்கும் பணத்தில் பெரிய பங்கு வரி. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநில சர்க்கார்களின் கையில் மிஞ்சிய முக்கியமான வரிகளில் இரண்டு: ஒன்று பெட்ரோல், டீசல்; மற்றது மது. பெட்ரோல் வரி ஓய்ந்துபோனால் மாநிலங்கள் எதை நம்பி இருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது. ஜனங்களைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் குடியுங்கள்" என்று கேட்க முடியாதல்லவா?

ரயிலும் வரியும் டில்லியிலும் மாநிலத் தலைநகரங்களிலும் உட்கார்ந்து எப்படியாவது தீர்த்துக்கொள்ளக்கூடிய விஷயங்கள். தீர்க்கச் சிரமமானது வேறொன்று. அதற்குத் தேசப்படத்தை விரித்துப் பார்க்க வேண்டும்.

கரி எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கிழக்கே: ஜார்க்கண்டு, ஒரிஸா, சத்தீஸ்கர், வங்காளத்தின் மேற்கு ஓரம். காற்றும் வெயிலும் எங்கே மிகுதி? குஜராத், ராஜஸ்தான், கர்நாடகம், நம் தமிழ்நாடு. அதாவது, கரி போய்க் காற்று வரும்போது, தொழில் ஒரு மாநிலத்துக்குள் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகவில்லை. ஏழையான கிழக்கிலிருந்து, அதைவிட வசதியான மேற்குக்கும் தெற்குக்கும் குடி பெயர்கிறது. அகில இந்தியக் கூட்டலில் இது தெரியவே தெரியாது. இங்கே கூடியதும் அங்கே குறைந்ததும் ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். கதாநாயகர் மொத்த உள்நாட்டு உற்பத்தி ஆரோக்கியமாகவே இருப்பார்.

கிழக்குக்கு இது புதிதல்ல. 1950-களில் மத்திய சர்க்கார் ஒரு ஏற்பாடு செய்தது. எஃகு ஜாம்ஷெட்பூர் வாசலில் என்ன விலையோ, ஏறத்தாழ அதே விலைக்குச் சென்னையிலும் பம்பாயிலும் கிடைக்கும்படி ரயில் கட்டணத்தைச் சமப்படுத்தினார்கள். தேசம் முழுவதும் தொழில் வளர வேண்டும் என்ற நல்ல எண்ணந்தான். பலன் என்ன? சுரங்கத்துக்கும் உலைக்கும் பக்கத்திலே இருப்பதால் கிழக்குக்குக் கிடைத்திருக்க வேண்டிய அனுகூலம் போயிற்று. 'இங்கேயும் அதே விலைதானே' என்று தொழிற்சாலைகள் துறைமுகங்களுக்கு அருகே முளைத்தன. 1990-களின் தொடக்கத்தில் அந்த ஏற்பாடு கைவிடப்படும் வரை நாற்பது வருஷ காலம் இப்படி நடந்தது. அந்த நாட்களில் வளர்ந்த ஊர்களில் நம் ஊர்களும் உண்டு. நம் பட்டறைகளிலும் மோட்டார்த் தொழிற்சாலைகளிலும் எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்தன. அந்த வளர்ச்சிக்கு நம் ஜனங்களின் புத்தியும் உழைப்பும் காரணம். கிழக்கு விட்டுக்கொடுத்ததும் ஒரு காரணம்.

ஒரு தடவை கல்கத்தாவிலிருந்து மேற்கே போகும் வண்டியில் தன்பாத் வழியாகப் போயிருக்கிறேன். விடிகிற நேரம். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஓடிய சாலையில் வரிசையாக சைக்கிள்கள். யாரும் மிதித்துக்கொண்டு போகவில்லை, தள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு பக்கமும், நடுவிலும், கரி மூட்டைகள். சைக்கிளே தெரியவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் சொன்னார்: பழைய சுரங்கங்களில் பொறுக்கிய கரி, இரண்டு மூன்று ஆள் எடை இருக்கும், ராத்திரியே புறப்பட்டிருப்பார்கள், டவுனில் டீக்கடைகளுக்கும் வீடுகளுக்கும் விற்பார்கள். மேடு வந்தால் ஒருவருக்கொருவர் பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் ஜரியா இருக்கிறது. 1916 முதல் அங்கே பூமிக்கடியில் கரி எரிந்துகொண்டே இருக்கிறது. அதன் மேல் வீடு கட்டிக்கொண்டு மூன்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்துவிட்டன.

கோல் இந்தியா கம்பெனியில் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் 2 லட்சத்துக்கு மேல். அவர்களுக்குச் சங்கம் உண்டு, பென்ஷன் உண்டு. சுரங்கத்தை மூடினால் அவர்களுடன் பேச வேண்டும் என்று சர்க்காருக்குத் தெரியும். ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்குகிறவன், லாரி ஓட்டுகிறவன், லாரிக்காரனுக்கு ரொட்டி சுட்டுப் போடுகிறவள், இந்த சைக்கிள்காரன் — இவர்கள் எந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்? பட்டியலில் பெயர் இல்லாதவனுக்கு நஷ்ட ஈடு கொடுப்பது எப்படி?

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்கும் ஒரு கரி ஊர் இருக்கிறது. நெய்வேலி நிறுவனம் 1956-ல் தொடங்கியது. சோவியத் நாட்டு உதவியுடன் கட்டிய 600 மெகாவாட் அனல் மின் நிலையம் 1962 முதல் சென்னை ராஜ்யத்துக்கு வெளிச்சம் கொடுத்தது. அறுபது வருஷம் நெருங்கும் சமயத்தில், 2020 செப்டம்பரில், அதை மூடினார்கள். ஊர் அழுததா என்றால் அழவில்லை. ஏனென்றால் பக்கத்திலேயே 1000 மெகாவாட்டில் புது நிலையம் வந்துவிட்டது. அதுவும் பழுப்பு நிலக்கரியிலேயே ஓடுகிறது. அதற்கும் ஒரு நாள் வயதாகும். அன்றைக்குப் பக்கத்தில் எதைக் கட்டுவார்கள்? ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாடிகள் சுற்றுவதைப் பார்க்கக் கண் கொள்ளாத காட்சிதான். ஆனால் நிறுத்தி முடித்த பிறகு அவற்றுக்கு ஆள் அதிகம் வேண்டியதில்லை. கமுதிக்குப் பக்கத்தில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தார்கள். அதில் தூசி துடைக்கக்கூட இயந்திரம் வைத்திருக்கிறார்கள். வெயிலும் காற்றும் மின்சாரம் கொடுக்கும்; ஒரு நகரத்துக்குச் சோறு போடுமா என்பது வேறு கேள்வி.

இதையெல்லாம் சொன்னதும் பாங்கி நண்பர் கேட்டார்: "அப்படியானால் கரியை விட வேண்டாம் என்கிறீர்களா, ஸார்?"

இல்லை. மூன்றாவது கதையையும் நான் படித்திருக்கிறேனே! 2023 மே மாதத்தில் ரிசர்வ் பாங்கி வெளியிட்ட அறிக்கை ஒன்று, கடும் வெப்பத்தாலும் புழுக்கத்தாலும் இழக்கும் உழைப்பு நேரத்தினால் 2030-க்குள் தேச உற்பத்தியில் 4.5 சதவீதம் வரை ஆபத்துக்கு உள்ளாகலாம் என்றது. உழைப்பு நேரம் என்றால் யாருடைய உழைப்பு? குளிர்சாதன அறையில் இருப்பவருடையதல்ல. சித்திரை வெயிலில் சித்தாள் வேலை செய்கிறவளுடையது, உப்பளத்தில் நிற்கிறவனுடையது, அந்த சைக்கிள்காரனுடையதும் கூட. கரியை விட்டாலும் அவனுக்கு நஷ்டம், விடாவிட்டாலும் அவனுக்கே நஷ்டம் என்றால், 'விடலாமா வேண்டாமா' என்பது கேள்வியே அல்ல. 'அவனுக்கு எப்போது சொல்லப் போகிறோம், என்ன கொடுக்கப் போகிறோம்' என்பதுதான் கேள்வி.

முன்கூட்டிச் சொல்வதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இரண்டு தேசங்களின் அனுபவத்தைப் பார்க்கலாம். 1984 மார்ச்சில் பிரிட்டனில் 20 சுரங்கங்களை மூடப்போவதாக அறிவித்தார்கள். போகும் வேலைகள் 20,000. தொழிலாளர்கள் ஏறக்குறைய ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்து தோற்றுத் திரும்பினார்கள். பிறகு மளமளவென்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 2024 செப்டம்பர் 30 அன்று அந்த நாட்டின் கடைசிக் கரி மின் நிலையமும் அணைந்தது. கரி போய்விட்டது, அந்தச் சுரங்க ஊர்கள் பலவற்றில் ஏழ்மை மட்டும் போகவில்லை. ஜெர்மனியில் 2007-லேயே, பூமிக்கடியில் எடுக்கும் கருங்கரித் தொழிலை 2018-ல் முடித்துக்கொள்வதென்று தீர்மானித்தார்கள். பதினோரு வருஷ அவகாசம். வயதானவர்களுக்கு முன்கூட்டியே ஓய்வு, இளைஞர்களுக்கு வேறு தொழில். 2018 டிசம்பரில் கடைசிக் கரித் துண்டை மேலே கொண்டுவந்து ஜனாதிபதியின் கையில் கொடுத்தார்கள். வயிற்றெரிச்சல் இல்லை; வருத்தம் இருந்தது. மிச்சமிருக்கும் பழுப்புக் கரியை 2038-க்குள் விட்டுவிட 2020-ல் சட்டம் செய்தபோது, அந்தப் பிரதேசங்களுக்காக 4,000 கோடி யூரோ ஒதுக்கினார்கள். பணக்கார தேசம், செய்ய முடிந்தது என்று சொல்லலாம். பிரிட்டனும் பணக்கார தேசந்தானே?

நம்மிடம் பணம் இல்லையா? இருந்தது. 2010-ல் ஒவ்வொரு டன் கரிக்கும் 50 ரூபாய் தனி வரி போட்டார்கள். சுத்தமான சக்திக்காக என்று சொல்லித்தான் போட்டார்கள். 2016-க்குள் அது 400 ரூபாயாயிற்று. 2017-ல் அதன் பெயர் மாறியது, ஜி.எஸ்.டி.யினால் மாநிலங்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ஈடுகட்டும் நிதியில் அது கலந்தது. 2025 செப்டம்பரில் அந்த வரியையே எடுத்துவிட்டு, கரிக்கு ஜி.எஸ்.டி.யை 5 சதவீதத்திலிருந்து 18 ஆக்கினார்கள். கரியின் பெயரைச் சொல்லி இத்தனை வருஷம் வாங்கிய பணத்தில், கரி போன பின் அந்த ஊர்கள் எப்படிப் பிழைக்கும் என்பதற்காக ஒரு பெட்டி தனியாக வைக்கவில்லை.

நண்பர் விடவில்லை. "நம் நாட்டில் கரிக்கு இன்னும் இருபது முப்பது வருஷம் வேலை இருக்கிறதே, ஸார். அதற்குள் என்ன அவசரம்?" என்றார்.

அவசரத்துக்குக் காரணமே அதுதான். சம்பாதிக்கும் காலத்தில்தான் சேமிக்க முடியும். இன்றைக்குக் கரி வண்டி ஓடுகிறது, ராயல்டி வருகிறது, 2015-லிருந்து சுரங்க ஜில்லாக்களுக்கென்று ஒரு நிதியும் இருக்கிறது. சாலைக்கும் கட்டடத்துக்கும் போவது போக, கரி தீர்ந்த பிற்பாடு வரும் நாளுக்கென்று அதில் ஒரு பங்கைப் பூட்டி வைக்கலாம். சுரங்கம் மூடப்படும் வருஷத்தை அந்த ஊருக்குப் பத்து வருஷம் முன்னால் சொல்லலாம். பட்டியலில் இல்லாதவர்களின் பெயரைப் பட்டியலில் எழுதலாம். இதற்குப் பணம்கூட அதிகம் வேண்டாம், ஒரு நோட்டுப் புத்தகமும் நடந்து போய்க் கேட்கிற மனிதனும் போதும். வண்டி நின்ற பிறகு செய்தால் இவை எல்லாம் தர்மமாகிவிடும். ஓடும்போதே செய்தால் கணக்குத் தீர்ப்பதாகும். வாங்குகிறவனுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இதில் தெற்கே இருக்கும் நமக்குத் தனியாக ஒரு பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். அவர்கள் மண்ணில் எடுத்த கரியையும் எஃகையும் வைத்து நாம் முன்னுக்கு வந்தோம். இனிமேல் நம் காற்றையும் வெயிலையும் வைத்து முன்னுக்கு வரப்போகிறோம். இரண்டு முறையும் லாபம் நம் பக்கம். நாளைக்கு டில்லியில் வரிப் பங்கீடு பற்றிய பேச்சு வரும்போது, "எங்கள் பணம் கிழக்கே ஏன் போக வேண்டும்?" என்று இங்கே குரல் எழும்பும். அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கேட்பதற்கு முன்னால், அரை நூற்றாண்டாக அங்கிருந்து இங்கே வந்த வண்டிகளையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம்.

2070-ல் நான் இருக்கமாட்டேன். இதைப் படிக்கிறவர்களில் பலரும் இருக்கமாட்டார்கள். தன்பாதுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிராமத்தில் இந்த வருஷம் பிறந்த குழந்தைக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்காது. மத்திய பாங்கிகளின் மூன்று கதைகளில் அந்தக் குழந்தை எந்தக் கதையில் வளர்கிறது என்பதைப் பாங்கிகள் தீர்மானிக்கப் போவதில்லை. கரி விற்ற காசு இன்னும் கையில் இருக்கும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் தீர்மானிக்கும்.